சிவப்புக் கோடு போட்ட வார்த்தைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் எப்போதும்போல முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நான் இன்னும் பார்க்காத என் பேத்தியும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுடைய கடிதம் இது. தப்புகளைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. தலைவரின் கூட்டத்துக்காக வண்டியில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்று படித்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் நாட்டு டிவியில் எங்கள் தலைவரின் பேச்சைக் காட்டினார்களாம். "அக்கரைக்காரன் நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்" என்று அவர் சொன்னதும், அந்தத் 'தட்டுகிறான்' மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டதாம். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாராம். "அது உங்க கைதானேப்பா? குழந்தையை அங்க எப்படித் தூக்கிட்டு வர்றது?" என்று கேட்டிருந்தாய்.

என் கைதான்.

அது எப்படி என்று சொல்கிறேன். தலைவர் மேடை ஏறுவதற்கு முன் அவருடைய செயலாளர் என்னிடம் ஒரு தாள் கொடுப்பார். பேச்சு முழுவதும் அதில் இருக்கும். சிவப்புக் கோடு போட்ட வார்த்தை வந்தால், அது எதிரொலிக்கும்படி ஆம்ப்ளிஃபயரின் எக்கோ திருகைத் திருப்ப வேண்டும். ஆபத்து, ஊடுருவல், எல்லை, அக்கரைக்காரன் எல்லாம் சிவப்பு. நீலக் கோடு வந்தால் சத்தத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். குடிதண்ணீர், விலைவாசி, ஆஸ்பத்திரி எல்லாம் நீலம். ஆறு வருஷமாக இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். வார்த்தையின் அர்த்தத்தை என்றைக்கும் கேட்டதில்லை, கலரைத்தான் பார்ப்பேன். கல்யாணம் முடிந்து உங்கள் இருவரையும் பாலத்தில் வழியனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே 'அக்கரைக்காரனு'க்கு எக்கோ போட்டவன் உன் அப்பா. அது மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை உன் கடிதமும் அந்தத் தாளும் என் சட்டைப்பையில் ஒன்றாக இருந்தன. தலைவர் ஆரம்பித்ததும் கையில் வந்தது உன் கடிதம். இன்னொரு தடவை படித்தேன். பேச்சில் இடம் தவறிப்போய், பழக்கத்தில் கை திருகைத் திருப்பிவிட்டது. அவர் அந்த நேரம் பார்த்து, ஐந்து வருஷத்தில் போட்ட ரோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்றரைக் கிலோமீட்டர்... மீட்டர்... மீட்டர்" என்று மைதானம் முழுக்கப் போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைவரை வந்துவிட்டது.

வேண்டுமென்றே செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். அது கை தவறியதுதான்.

அடுத்தது கை தவறியதல்ல. தாளை எடுத்து இடத்தைப் பிடித்துவிட்டேன். அக்கரைக்காரன் வருகிறான், சிவப்பில் இரட்டைக் கோடு. செயலாளர் மேடையோரத்திலிருந்து கையைச் சுழற்றுகிறார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டேன்.

எக்கோ இல்லாமல் அந்த வரியை முதல் தடவையாகக் கேட்டேன். சளி பிடித்த ஒருவர் பக்கத்து வீட்டைப் பற்றிக் குறை சொல்வதுபோல இருந்தது. முன்வரிசையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டக்கூடிய அக்கரைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவரும் முதல் தடவை வந்தபோது, தட்டலாமா வேண்டாமா என்று கூச்சப்பட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றவர்.

கூட்டம் முடிந்து செயலாளர் வந்தார். "பெரியவரே, உங்களுக்குக் காது போச்சா, இல்ல கை போச்சா?" என்றார். ரெண்டும் இப்பத்தான் வந்துச்சு என்று சொல்ல நினைத்தேன். தைரியம் வரவில்லை. "திருகு மாட்டிக்கிச்சு" என்றேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று வீட்டுக்கு வந்து அந்தத் திருகைக் கழற்றிவிட்டேன். ஆம்ப்ளிஃபயருக்குச் சுகமில்லாமல் போன கதை இதுதான். இனிமேல் தலைவருக்கு வேறு மைக் செட். எனக்குப் பள்ளிக்கூட விளையாட்டு விழா, கடைத் திறப்பு விழா போதும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "இத்தனை வருஷமா என் பேச்சுக்கு நீலக் கோடு போட்டுத்தானே கேட்டீங்க" என்றாள்.

இங்கே யாராவது ஏதாவது சொல்வார்களா என்று நீ பயப்படுவது நியாயம். எதிர்க்கடைத் தையல்காரர், உங்க மாப்பிள்ளை உளவு பார்க்கவா வர்றார் என்று கேட்டார். ஆமாம், எங்க வீட்டு ஃபேன் ஓடுதான்னு பார்க்க வர்றார் என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்காதவர்களும் நாலு பேர் இருக்கிறார்கள்; இல்லையென்று பொய் எழுத மாட்டேன். பாலத்திலிருந்து வீடுவரை நான் மாப்பிள்ளை பக்கத்திலேயே நடந்து வருவேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். எதிரில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். கழற்றிய திருகைக் கழுவி வைத்திருக்கிறேன், பேத்தி உருட்டி விளையாட. வாயில் போட முடியாத அளவுதான், என் வாயில் வைத்தே பார்த்துவிட்டேன்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள். வருகிற நாளை மட்டும் எழுது. அன்று காலையிலிருந்தே கதவைத் திறந்து வைத்திருப்பேன். அவர் தட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா