கூரையில் இருந்து நீ விழவில்லை, மச்சான்

என் உயிர் மச்சான் சாமித்தம்பிக்கு,

என் எழுத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பாமல் கடைசி வரைக்கும் வாசி. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடினால் நானே எழும்பி நின்று இதை வாசிப்பேன். கூடுமா என்பதுதான் தெரியவில்லை.

இந்த மாரியில் பள்ளிக்கூடத்துக் கூரை பாதி பறந்துவிட்டது. மேற்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளின் சிலேட்டில் மழை விழுகிறது. ஓடு போடுவதற்காக வாத்தியார் ஒரு ஏலம் வைக்கிறார். வீட்டுக்கு ஒரு பொருள், பூசணிக்காயோ சேவலோ பாயோ, கொடுத்தால் போதும். ஏலம் கூற நாலு தகப்பன்மாரும் வந்தவர்களுக்குச் சமைக்க நாலு தாய்மாரும் வேண்டும் என்றார். நீ இருந்திருந்தால் அந்த நாலில் மூன்று பேருடைய வேலையை நீயே செய்திருப்பாய். நீ இல்லாததால் நான் வீடு வீடாகப் போனேன்.

எதிர்வீட்டு வள்ளியக்கா நெல் காயப்போட்டபடி என்ன சொன்னாள் தெரியுமா? "அது ஆளைத் திண்ட பள்ளிக்கூடம் மனே. உன்ட மச்சான் கூரையால விழுந்து செத்த இடத்துக்கு நான் என்ட புருசனை அனுப்புவனா?" சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அன்றைக்கு உலக்கையோடு நின்றவள்தான். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நம் ஊர் வாய் எனக்காக இரண்டு வருடம் மூடிக்கிடக்கிறது.

உன் மகள் செல்லம்மாவை என் தங்கச்சி நாகம்மை பள்ளிக்கு அனுப்புவதில்லை. உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும், "என்ட புருசனைக் கொன்ற கூரைக்குக் கீழ என்ட பிள்ளை இருக்க ஒண்ணா" என்று சொல்லிவிட்டாள். உனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிய பிள்ளை இப்போது வாவிக்கரையில் குந்தியிருந்து இறால் உரிக்கிறாள். அவளைக் காணும்போதெல்லாம் நான் வேறு வழியால் போய்விடுவேன்.

எல்லாம் உன் யோசனையில்தானே தொடங்கியது? இரண்டு வருடத்துக்கு முன்னும் கூரை வேயத் தென்னோலைக் கிடுகில்லை. வாத்தியார் தாய் தகப்பன்மாரை இரண்டு தரம் கூப்பிட்டார். வந்தது நீயும் நானும் கிடுகு தின்ன ஒரு ஆடும். அப்போது நீ சொன்னாய், "இவனுகள் பிள்ளைக்கு வரமாட்டானுகள் மச்சான். கட்சிக்கு வருவானுகள். கொம்பு இழுப்பம் எண்டு சொல்லிப் பாரு, சாகக் கிடக்கிறவனும் எழும்பி வருவான்."

சரியாகத்தான் சொன்னாய். நம் ஊரில் பிறக்கும்போதே ஒருவன் வடசேரிக் கட்சி, ஒருவன் தென்சேரிக் கட்சி. அம்மன் சடங்குக்காக வளைந்த இரண்டு மரக் கொம்புகளைக் கொளுவி, ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்து, ஒன்று முறியும் வரைக்கும் இழுப்போம். நான் வடசேரி, நீ தென்சேரி. வடத்தில் கை வைத்தால் மச்சான் முறையெல்லாம் அன்றைக்குச் செல்லாது. அம்மனுக்கு இழுக்கிற கொம்பைப் பள்ளிக்கூடத்துக்கு இழுப்பதா என்று கோயிலை நடத்துகிற வண்ணக்கர் சீறினார். நீ காலில் விழுந்து சம்மதம் வாங்கினாய்.

கொம்பு பார்க்க வருகிறவர் ஆளுக்கொரு கட்டுக் கிடுகு கொண்டுவர வேண்டும் என்றாய். ஊரே திரண்டது. முற்றத்தின் இரண்டு பக்கமும் கிடுகு ஆள் உயரத்துக்குக் குவிந்தது. வாத்தியார் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

எங்கள் கொம்பு முறிந்தது. தோற்றவன் தலையைக் குனிந்துகொண்டு வென்றவனின் வசைப்பாட்டைக் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். நீ எழும்பிப் பாடினாய்: "வடசேரிக் கொம்பென்ன வாழைத் தண்டோ, மூத்ததம்பி கையென்ன முருங்கைக் கொப்போ." இவ்வளவுதான். இதைவிடக் கேவலமாக நான் உன்னைப் பாடியிருக்கிறேன். ஆனால் என் மகளும் கைதட்டிச் சிரித்தாள், எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முறிந்த கொம்பைத் தூக்கினேன்.

முதல் அடி தோளில் விழுந்தது. நீ சிரித்தபடியே திரும்பினாய், விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாய். இரண்டாவது அடி காதுக்கு மேலே. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதே. கம்பும் துடுப்பும் உலக்கையும் எழும்பின. ஒருவனுக்குப் பல் தெறித்தது, ஒருவனுக்கு முழங்கை எலும்பு வெளியே வந்தது. விலக்கப் போன வாத்தியாரை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகள் வாங்குப் பலகையில் ஏறி நின்று குழறி அழுதன. தென்சேரிக் கிடுகுக்கு எவனோ நெருப்பு வைத்தான். நீ சுவரில் சாய்ந்து தலையைப் பொத்திக்கொண்டு, "கிடுகை விடுங்கடா, அது பிள்ளையளுக்கடா" என்று கத்திக்கொண்டிருந்தாய். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வேறொருவனின் கழுத்தில் என் கை இருந்தது.

நாகம்மை பிள்ளை பெற்று வீட்டோடு கிடந்தாள், செல்லம்மா அவளுக்குத் துணையிருந்தாள், இருவரும் ஒன்றும் காணவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினோம். அவள் அலறிக் கேட்டபோது நீ என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "கூரை வளையால விழுந்துட்டன் புள்ள" என்றாய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவன் நீதான். இரண்டாம் நாள் காதால் இரத்தம் வந்து நீ போனாய். ஊர் அதிகாரி விதானையார் விசாரித்தபோது, தானும் கம்பெடுத்த ஊர் அதையே சொன்னது. நானும் ஓம் என்று தலையாட்டினேன். ஏன் மச்சான் அப்படிச் சொன்னாய்? என் மேல் இரக்கமா? நாகம்மைக்கு அண்ணனாவது மிஞ்சட்டும் என்றா?

உன் பொய்யால் என் கழுத்துத் தப்பியது. பழி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. உன் மகள் இறால் உரிக்கப் போனாள்.

நேற்று மத்தியானம் நாகம்மையிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் இருந்தாள். முழுவதையும் கேட்டாள், பிறகு அடுப்பில் எரிந்த கொள்ளியை இழுத்து என்னை அடித்தாள். முதுகில், தலையில், முகத்தில், கையில். நான் கை தூக்கித் தடுக்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. கொள்ளி உடைந்த பிறகு நகத்தால் கிழித்தாள். களைத்துப் போய் நிலத்தில் குந்தினாள்.

"என்ட பிள்ளைட ரெண்டு வருசத்தை ஆரு தருவா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை முற்றத்தில எல்லாருக்கும் முன்னால சொல்லு. மறுகா விதானையாரிட்டப் போ," என்றாள். "சமைக்க ஆள் வேணுமெண்டு வீடு வீடாத் திரிஞ்சியாமே. நான் சமைக்கிறன். செல்லம்மாவையும் கூட்டி வாறன். உன்னை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத."

ஊரில் வருகிறேன் என்று சொன்ன முதல் தாய் அவள்தான், மச்சான்.

இதைக் கேட்கிற தாய் தகப்பன்மாரே, அந்த முற்றத்தில் ஆளுக்கு ஆள் முகம் பார்க்க வெட்கப்பட்டுத்தானே வராமல் இருந்தீர்கள்? கூரை யாரையும் கொல்லவில்லை. கொன்றவன் நான். பயப்படுவதென்றால் எனக்குப் பயப்படுங்கள், நான் இன்றோடு போய்விடுவேன். புருசனைப் பறிகொடுத்தவள் அகப்பை பிடித்து நிற்கிற இடத்தில் உங்களுக்கு ஒரு சேவல் தூக்கிப் பிடிக்கக் கையில்லையா?

மச்சான், வாசித்து முடிந்ததும் விதானையாரோடு பொலிசுக்குத் தோணி ஏறுகிறேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை இனி யாரிடமும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் அண்ணன், உன்னை அடித்துக் கொன்றவன்,
மூத்ததம்பி