அம்மா பேசிய கோர்ட்

பிப்ரவரி 6

உயர் நீதிமன்றத்தில் இன்று என் வாயிலிருந்து வந்தது "மை லார்ட்" மட்டும். அதுவும் பாதிதான்.

சலவை ஆலைக்கு எதிராக அம்மாவுக்காக நான் போட்ட மனு. பக்கத்து மெஷின்காரியின் கை வெந்தபோது, "தடுப்புத் தகடு எங்கே?" என்று அம்மா மேனேஜரிடம் கேட்டாள். மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஒரு வாரம் போய் நின்று பார்த்தாள். பிறகு தபால் வந்தது: சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததால் நீக்கம்.

நீதிபதி மனுக் கட்டைப் புரட்டினார். "இதுக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கே. அதைத் தாண்டி ஏன் இங்க வந்தீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பெரிய கோர்ட்டுக்கே போ என்று மாமா சொன்னார் என்றா சொல்வது? முதலில் கீழே போகச் சொல்லி மனுவை முடித்துவிட்டார்.

நீதிமன்றங்களின் படிநிலையைப் படம் வரைந்து விளக்குக. சட்டப் படிப்புப் பரீட்சையில் இந்தக் கேள்விக்குக் கலர் பென்சிலால் வரைந்தவள் நான்.

பிப்ரவரி 7

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிறார், எல்லாவற்றையும் பஸ்ஸாகவே பார்க்கிறார்.

"பெரிய கோர்ட்ல தோத்துட்டு சின்ன கோர்ட்டா? எக்ஸ்பிரஸ்ல இருந்து இறக்கி டவுன் பஸ்ல ஏத்தின மாதிரியில்ல இருக்கு."

"தோக்கல மாமா. அங்க விசாரிக்கவே இல்ல."

"வக்கீலம்மா சமாளிக்கிறாங்க."

அதிகம் பேசாத அம்மா சொன்னாள்: "டவுன் பஸ்தான்டா நம்ம தெருவுல நிக்கும்."

பிப்ரவரி 19

தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு போட்டாயிற்று. தபால் அலுவலகத்துக்கு மேல் இரண்டாம் மாடி. நீதிபதியின் தலைக்கு மேல் மின்விசிறி டிக் டிக் என்கிறது.

நான் வேலை பார்க்கும் சீனியர், "உன் கேஸ், நீயே நடத்து. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்" என்றார். முடியாது மேடம் என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை ஆடிவிட்டது.

ஏப்ரல் 2

வாய்தா.

ஏப்ரல் 30

வாய்தா. கம்பெனி வக்கீலுக்குப் பல் வலியாம்.

ஜூன் 11

அந்தக் கலர் பென்சில் படத்தில் நான் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மேலே போகப் போக சாட்சிகள் கிடையாது. இங்கே சாட்சி சொல்வதை டைப் அடிக்கிறார்கள். உயர் நீதிமன்றம் ஆனாலும், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் ஆனாலும், அந்தத் தாள்களைத்தான் படிப்பார்கள். அம்மாவின் குரலைக் காதால் கேட்கப் போகும் ஒரே நீதிபதி அந்த மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்தான்.

அங்கே அம்மா சொல்லாமல் விட்டால்? நான் கேட்காமல் விட்டால்? இரண்டு ஊமைகள் சேர்ந்து ஒரு வேலையைத் திரும்ப வாங்க வேண்டும்.

ஜூலை 9

அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினாள். நான் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"நீங்க கேட்டுக்கே வரல. வீட்லதான் இருந்தீங்க."

"வந்தேன் சார்."

"வந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

அம்மா யோசித்தாள்.

"மூணாம் நம்பர் மெஷின் சத்தம் மாறியிருந்துச்சு சார். கேட் வரைக்கும் கேட்டுச்சு. பெல்ட் அறுந்துடும், உள்ள போய்ச் சொல்லுங்கன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி அனுப்பினேன்."

அவர் சிரித்தார். "உள்ளயே விடாத கம்பெனி. அதோட மெஷினுக்கு நீங்க வைத்தியம் பார்த்தீங்களாக்கும்?"

"மெஷின் என்ன சார் பண்ணுச்சு?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாவின் பதிலையும் அடித்தார்.

மாடிப்படியில் கேட்டேன்: "ஏன்மா எங்கிட்ட இதச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கேட்ல நின்னியான்னுதான் கேட்ட. நின்னேன்னு சொன்னேன்."

ஜூலை 23

கம்பெனி சாட்சி, சூப்பர்வைசர். போன தடவை அவர் கோர்ட்டில் இல்லை. சிரித்த வக்கீலும் எதையும் சொல்லி வைக்கவில்லை போல.

எழுந்தேன்.

"அந்த வாரம் மூணாம் நம்பர் மெஷினுக்கு பெல்ட் மாத்தினீங்களா?"

"மாத்தினோம்."

"தேய்ஞ்சிருக்குன்னு யார் சொன்னது?"

"வாட்ச்மேன் வந்து சொன்னாரு."

"அவருக்கு மெஷின் பத்தித் தெரியுமா?"

"அவருக்கென்ன தெரியும்? கேட்ல அந்தம்மா சொன்னாங்கன்னு..." நிறுத்திவிட்டார்.

அடுத்த கேள்விக்கு வாய் திறந்தேன். "போதும்" என்று சீனியர் என் கோட் நுனியைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 3

அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

செப்டம்பர் 21

கம்பெனி மேலே போனது. பிப்ரவரியில் நான் விழித்துக்கொண்டு நின்ற அதே அறை, அதே நீதிபதி. தீர்ப்பை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நீதிபதி கீழே இருந்து வந்த சாட்சியத்தைப் படித்தார். ஒரு பக்கத்தில் அவர் உதடு லேசாக விரிந்தது. எந்த வரி என்று எனக்குத் தெரியும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மை லார்ட், அவங்க கேட்ல இருந்தாங்கன்னு கம்பெனி சாட்சியே சொல்லியிருக்கார். இருபத்தொண்ணாம் பக்கம்."

முழுதாகச் சொன்னேன்.

கம்பெனி மனு மீது விசாரணை நடக்கும். தீர்ப்புக்குத் தடை இல்லை, அம்மா வேலைக்குப் போகலாம்.

மாமா போனில்: "இங்கயும் தோத்தா உச்ச நீதிமன்றம் போவாங்களோ?"

"போகட்டும் மாமா. அங்கயும் அம்மா சொன்னதைத்தான் படிக்கணும்."

"அப்ப எல்லா ஸ்டாப்லயும் எங்கக்காதான் ஏறுவான்னு சொல்லு."

செப்டம்பர் 28

காலையில் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. ஏழு மணி ஷிஃப்ட்.

சாயங்காலம் உடம்பெல்லாம் சோப்பு வாசனையோடு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"தடுப்புத் தகடு போட்டிருக்காங்களாம்மா?"

"மூணு மெஷினுக்குப் போட்டுட்டாங்க" என்றாள். "நாலாவதுக்கு இன்னைக்குக் கேட்டுட்டு வந்திருக்கேன்."