செனன் என்ற பெயர் யாருக்கு?

கில்ரஷ்
புதன்கிழமை

அன்புள்ள அண்ணன் ஃபின்டனுக்கு,

உன் தங்கை டெர்வ்லா எழுதுகிறேன். நானும் குழந்தையும் சுகம். பெர்த்தில் நீயும் ஓர்லாவும் வெயிலில் வாடிப்போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்துப் பேசுவதை விட்டுவிட்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நம் வீட்டார் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாதா? "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." "அங்க வெயிலா?" "ஆமா, அங்க மழையா?" அதோடு முடிந்தது. நான் கேட்க வேண்டியது மழையைப் பற்றி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் குழந்தைக்கு ஞானஸ்நானம். இன்னும் பெயர் முடிவாகவில்லை. நம் அப்பாவின் பெயரை அவனுக்கு வைக்கலாமா கூடாதா என்று இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உன் பதில் இல்லாமல் நான் எந்தப் பக்கமும் சாய முடியாது. தலை சுற்றுகிறது அண்ணா. பிள்ளை பெற்றது இதைவிடச் சுலபமாக இருந்தது.

மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் என்பது நம் வீட்டைப் போலவே என் கார்மக் வீட்டிலும் வழக்கம். அப்படிப் பார்த்தால் இவன் காஹல் ஆக வேண்டும். போர்க்களத்து ராஜா என்று அர்த்தமாம். என் மாமனார் காஹலை உனக்குத் தெரியுமே, மாமியார் கண்ணை உருட்டினால் டிராக்டர் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்கிற ராஜா. ஆனால் மாமியார் அசம்ப்டாவே வேண்டாம் என்றுவிட்டார். "எங்க குடும்பத்துல ஏற்கனவே மூணு காஹல் இருக்கும்மா. சாப்பிடக் கூப்பிட்டா மூணும் ஓடி வருது. வேலைக்குக் கூப்பிட்டா ஒண்ணுக்கும் காது கேக்கல. நாலாவது ஒண்ணு எதுக்கு?"

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு வருகிறார்கள். கார்மக்குக்கு ரூவான் பிடித்திருக்கிறது. சிவந்த முடிக்காரன் என்று பொருள். குழந்தையின் தலையிலோ பொட்டு முடி இல்லை. கீரன் என்றால் கறுத்த குட்டி. இவன் பால் ஏட்டைப் போல் வெளுத்துக் கிடக்கிறான். ரோனன் என்றால் சீல் என்கிற கடல்நாயின் குட்டியாம், குளிப்பாட்டும்போது இவன் போடுகிற கூச்சலைக் கேட்டால் எந்த சீலும் இவனைச் சேர்த்துக்கொள்ளாது. கிலியன் என்ற பெயருக்குச் சிலர் கோயில் என்கிறார்கள், சிலர் சண்டை என்கிறார்கள். "நம்ம கோயில் பங்குக் கூட்டத்துக்கு ஒருதடவ வந்து பாரு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் கார்மக். சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. ஆனாலும் பிள்ளைக்குப் பெயர் இல்லை.

என் மனதில் இருந்தது அப்பாவின் பெயர், செனன்தான். நேற்றுப் பிறந்தவனுக்குக் குட்டிக் கிழவன் என்று பொருள்படும் பெயர் வைப்பது வேடிக்கைதான். ஆனால் நீ இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பால் விலையைப் பற்றிக் கவலைப்படுகிற அப்பா மாதிரியே இருக்கிறான்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். உருளைக்கிழங்குப் பாத்திரம் கை மாறும்போது நான் மெல்லச் சொன்னேன், செனன் என்று வைக்கலாமா என்று. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வைடி, வை. ஃபின்டனுக்குத்தான் பிள்ளை இல்லையே, அந்தப் பேர யாருக்குன்னு எடுத்து வெக்கறது?" என்றாள்.

அப்பா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "மாட்டப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். பால் கறந்து மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டு வெகு நேரமாகியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பிகூடப் போடாமல் மழையில் நடந்து மேட்டு வயலின் மூலைக்குப் போய் நின்றார். ஞானஸ்நானம் பெறாமலே இறந்த குழந்தைகளை, கோயில் கல்லறையில் இடம் தராததால், அந்தக் காலத்தில் புதைத்துவிட்டு வந்தார்களே, அந்த மூலை. பெயர் எழுதாத சின்னச் சின்னக் கற்கள் இருக்குமே. அங்கே நாம் விளையாடப் போனால் அப்பா குச்சியை எடுத்துக்கொண்டு வருவாரே. இன்றும் புல் வெட்டும் மிஷினை அந்தப் பக்கம் விடுவதில்லை.

அவர் ஏன் எழுந்து போனார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். "மனுஷனுக்கு வெக்கம், சந்தோஷத்தக் காட்டத் தெரியாது" என்கிறாள் அம்மா. "மகன் வீட்டுக்குப் போக வேண்டிய பேர மகள் வீட்டுக்குக் குடுக்க மனசில்ல, வேற என்ன?" என்கிறார் மாமியார். உயிரோடு இருக்கிறவர் பெயரை வைத்தால் ஆயுசு குறையும் என்று பயப்படுகிறாரோ என்று கார்மக் கேட்டான். கேட்கக் கேட்க எல்லாமே சரியாகத்தான் பட்டது. மறுநாள் எல்லாமே தப்பாகப் பட்டது.

பொறுக்க முடியாமல் திங்கட்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால் கறக்கும் கொட்டகைக்கே போனேன். அப்பா அவனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"உன்மேல எனக்கு என்னம்மா கோபம்?"

"அப்ப பேரு?"

"அது என்கிட்ட இல்லம்மா. குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"அத ஃபின்டன் சொல்லணும். நான் சொல்லக் கூடாது." அவ்வளவுதான். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், பிறகு பேசியதெல்லாம் பசுக்களிடம்தான். முதுகு குலுங்கியது போல இருந்தது. மிஷின் சத்தத்தில் அழுகிறாரா இருமுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா மேஜையில் சொன்ன சொல் என்னைச் சுட்டது. உனக்குப் பிள்ளை இல்லை என்றாளே. இருந்தானே அண்ணா. ஒரு பகல்தான் இருந்தான் என்றாலும் இருந்தானே.

அம்மாமேல் கோபப்படாதே. உங்கள் துக்கத்தைக் கிளறக் கூடாது என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் இறந்த அந்த வாரம் இங்கே அவனுக்காகப் பூசை கொடுத்தபோதுகூட, பீடத்திலிருந்து வாசித்தது "ஃபின்டன், ஓர்லா இவர்களின் தனிக்கருத்துக்காக" என்றுதான். தனிக்கருத்து! வெளியில் சொல்லாத வேண்டுதல்! பரீட்சையில் பாஸாக வேண்டும், முழங்கால் வலி தீர வேண்டும், எல்லாவற்றுக்கும் இங்கே அதுதானே சொல்வார்கள். ஊரே தலையைக் குனிந்து ஜெபித்தது, யாருக்காக என்று தெரியாமல். சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நாம் எல்லோரும் எங்கேயோ கற்றுக்கொண்டுவிட்டோம். சொல்லாமல் சொல்லாமல், அவன் பிறக்கவே இல்லை என்பது போல அம்மா பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ அப்பாவிடம் ஏதாவது சொல்லியிருந்தாயா? இல்லை, அவராகவே மனதுக்குள் தன் பெயரை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாரா? செனன் என்று என் மகனை நான் கூப்பிட்டால், அங்கே உங்களுக்கு அது ஆறுதலாக இருக்குமா, இல்லை ஒவ்வொரு தடவையும் கத்தியாகக் குத்துமா? வைத்தால் திருட்டோ என்று பயம். வைக்காமல் விட்டால் அந்தப் பெயரை இந்த வீட்டில் இனி யாருமே உரக்கச் சொல்ல மாட்டார்களோ என்று இன்னொரு பயம். நீ வேண்டாம் என்றால் ரூவான் என்று வைத்துவிடுகிறேன். முடி எந்த நிறத்தில் முளைத்தாலும் பரவாயில்லை. மனத்தாங்கல் கொஞ்சமும் இருக்காது, சத்தியமாகச் சொல்கிறேன். ஓர்லாவையும் கேட்டுவிட்டுச் சொல். அவள் சொல்வதுதான் முக்கியம்.

ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலிலேயே நிறுத்தி ஃபாதர் கேட்கிற முதல் கேள்வி, "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்பதுதான். இங்கே அதற்குள் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! தபால்காரர் கேட்டார், ரொட்டிக்கடைக்காரி கேட்டாள், முகம் தெரியாத கிழவர் ஒருவர் தெருவில் குழந்தையின் தள்ளுவண்டியை நிறுத்திக் கேட்டார். உன் மகனைப் பற்றி அந்தக் கேள்வியை உன்னிடம் நம் வீட்டிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன், அண்ணா. அவன் பெயர் என்ன?

உன் கையாலேயே எழுதி அனுப்பு. கடவுள் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

என்றும் உன் அன்புத் தங்கை,
டெர்வ்லா