கடைசிப் பன்னிரண்டு அடி

மார்ச் 3

முனை வீட்டம்மாவின் தோட்டத்துக்கு ஜல்லி நடைபாதை போடும் வேலை. அறுபது அடி நீளம், ஐந்தடி அகலம், நாலு அங்குலக் கனம். ஆக நூறு கன அடி, சரியாக ஒரு லோடு. கணக்கு இப்படிப் பிசிறில்லாமல் வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. லாரிக்கார அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 5

லோடு வந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் கொண்டுவருவதை நான் அளந்ததே இல்லை. "கொட்டட்டுமாம்மா?" என்பார். தலையாட்டுவேன். அவ்வளவுதான்.

மார்ச் 6

ஜல்லியைப் பரப்பி, உருளை ஓட்டி முடித்தோம். பாதை நாற்பத்தெட்டு அடியோடு நின்றுவிட்டது. மீதி வெறும் மண்.

வீட்டம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "லாரிக்காரன் கைவரிசையைக் காட்டிட்டான் போல."

பார்க்கிறேம்மா என்றேன். அப்போதே எனக்குத் தெரியும் — உருட்டினால் ஜல்லி ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும், அதையும் சேர்த்துத்தான் லோடு சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே கற்றது. மறந்தது நான். சரி, மறந்தாய். வாயில் பூட்டா போட்டிருந்தது?

மார்ச் 7

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 9

வீட்டம்மா அடுத்த மனையில் வீடு கட்டுகிறவரிடமும் சொல்லிவிட்டாராம். அவரும் லாரிக்கார அண்ணனை இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் போன் செய்தார். கோபமே இல்லை.

"நான் குறைச்சுப் போடுவேனாம்மா? நீ சொல்லு."

யாருண்ணே அப்படிச் சொன்னது, விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கிறாளாம்! வெட்கமாக இருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். சட்டையை மடித்துக்கொண்டே, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்லவேண்டிய இடம் வேற" என்றார்.

மார்ச் 10

போனேன். முதலில் வீட்டம்மா, பிறகு வீடு கட்டுகிறவர். கணக்குப் போட்ட தாளையே எடுத்துப்போய்க் காட்டினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஏன் அந்த மனுஷனை வையப்போகிறேன் என்று வீட்டம்மா கேட்டார்.

கடைசியாக அண்ணன் வீடு. முழுவதையும் கேட்டார்.

"நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

மீதிப் பன்னிரண்டு அடிக்கு இருபத்தைந்து கன அடி சொல்லியிருந்தேன், அமுங்குவதையும் சேர்த்து. வருவாரோ மாட்டாரோ என்று முனை வீட்டு வாசலிலேயே நின்றேன். அண்ணன்தான் வந்தார். வீடு கட்டுகிறவரும் அவரை மறுபடி லோடுக்குக் கூப்பிட்டுவிட்டாராம், அதை வீட்டம்மாதான் சொன்னார்.

கொட்டட்டுமா என்று அண்ணன் கேட்கவில்லை. கீழே இறங்கி, சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து நீட்டினார். புது டேப்.

"அளந்துக்கங்கம்மா. அப்புறம் கொட்டுறேன்."

வேண்டாம்ணே என்றேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

லாரிமேல் ஏறி அளந்தேன். சரியாக இருந்தது. அளக்காமலே எனக்குத் தெரியும்.