குமுளிக்குப் போக ஒரு கையெழுத்து

அன்புள்ள மாமாவுக்கு,

கம்பத்திலிருந்து உமாதேவி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் பொழுது போகிறது. உங்கள் உடம்புக்குச் சுகம்தானா? போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஸ்னூக்கர் சங்கச் செயலாளருக்கு வரும் தபாலையாவது பிரிப்பீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

மழை விடவே இல்லை. திராட்சை கொடியிலேயே வெடித்துக் கிடக்கிறது. மருந்தடிக்கவா விடவா என்று தோட்டம் பார்க்கும் ஒச்சாண்டி அண்ணன் தினமும் என்னிடம் வந்து நிற்கிறார். எனக்கென்ன தெரியும்? அலுத்துப்போய்விட்டது மாமா.

நம் மகள் யுவராணி விஷயத்துக்கு வருகிறேன். மாநில ஸ்னூக்கர் டீமுக்கு நாலு பேர். தேர்வுப் போட்டியில் நம் பிள்ளை நாலாவதாக வந்தும், அவளை விட்டுவிட்டு ஐந்தாவதாக வந்தவளை எடுத்தீர்கள். "மகளுக்குச் செஞ்சுட்டான்னு பேசுவாய்ங்க" என்றீர்கள். சரி, அவள் ஏன் நாலாவதாக வந்தாள் என்று கேட்டீர்களா? சட்டைக் கை ஒரு பந்தில் உரசியதை நடுவர் பார்க்கவில்லை. இவளே கையைத் தூக்கி ஃபவுல் என்று சொல்லி, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாவது இடம். உங்களாலும் அசைத்திருக்க முடியாது. நீங்கள் ஊர் ஊராகப் போட்டி ஆடிப் பிழைத்த காலத்தில் பழக்கிவிட்டது. ஸ்னூக்கரில் தன் தப்பைத் தானே சொல்ல வேண்டுமாம். பாவி மகள், அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஊர் வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையை ஒதுக்கிவிட்டீர்களே என்று எனக்கு ஆத்திரம்தான். சண்டை போடத்தான் தெம்பில்லை. அவள் மாடிக்கே போவதில்லை. அங்கே ஸ்னூக்கர் மேசை மேல் போட்ட துணி போட்டபடி கிடக்கிறது.

போன வாரம் குமுளி கிளப்பிலிருந்து ஜஸ்டின் சார் வந்தார். இனி கேரளாவுக்கு ஆடட்டும், "மோளை நாங்க நல்லாப் பாத்துக்கிறோம் சேச்சி" என்றார். ஆட்சேபணை இல்லை என்று உங்கள் சங்கம் எழுதித் தர வேண்டுமாம். கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும்.

நேற்றுத் தலை பின்னிவிடும்போது, "அப்பா கையெழுத்துப் போட்ருவாகளாம்மா?" என்று கேட்டாள். போட்டுவிடுவார், பயப்படாதே என்றேன். ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே, "போடாம இருந்தாகன்னா நல்லாருக்கும்ல" என்றாள்.

எனக்குச் சீப்பு ஓடவில்லை மாமா.

போடுவதோ விடுவதோ, தபாலில் அனுப்பாதீர்கள். நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள். சுருளி வேலப்பர் உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உமாதேவி