இரண்டு விரல் உயரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறைக்கு வரும்போது குழந்தையை எங்கெல்லாம் கூட்டிப் போகலாம் என்று பட்டியல் போட்டுக் கேட்டு எழுதியிருந்தாய், உன் அப்பா அந்தப் பட்டியலைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மிருகக்காட்சிசாலைக்குக் கதவு திறக்கும்போதே போய்விட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் புலியின் முதுகைத்தான் பார்க்கலாம். மீன் கண்காட்சியில் பிள்ளைகள் நாலாவது தொட்டி வரைக்கும் வாயைப் பிளப்பார்கள், ஐந்தாவதில் தண்ணீர் கேட்பார்கள், ஆறாவதில் கழிப்பறை கேட்பார்கள், அது வாசலில்தான் இருக்கிறது, அதனால் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். அருங்காட்சியகத்தில் பெரிய எலும்புக்கூடு நிற்கிற அறை இருட்டு, நீயே ஏழு வயதில் அங்கே பயந்துபோய் என் கையை ரத்தம் வரக் கிள்ளியவள், உன் மகள் எப்படியோ.

இதெல்லாம் இருக்கட்டும். கடைசியில் கேளிக்கைப் பூங்காவை எழுதிவிட்டு, உனக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம்மா என்று பக்கத்தில் போட்டிருந்தாயே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் முதலில் போகிறோம். பத்தொன்பது வருஷம் அந்த ரோலர் கோஸ்டர் வாசலில் உயரப் பலகைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். சிவப்புக் கோடு நூற்றிருபது சென்டிமீட்டரில் இருக்கும், தலை தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே, அவ்வளவுதான் என் வேலை. உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டி வந்தவர்களையும் ஷூவுக்குள் காகிதம் திணித்தவர்களையும் ஒருத்தர் விடாமல் பிடித்திருக்கிறேன். போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி முதலாளி மகளின் பிறந்தநாளுக்கு வந்தார், பிள்ளை இரண்டு விரல் குறைவு, முடியாது என்றேன். உடனே மேனேஜர் வந்தான், சட்டைப் பையில் எப்போதும் சீப்பைச் செருகியிருப்பானே, நாங்கள் சீப்பு என்றே கூப்பிடுவோமே, அவன்தான். அத்தனை பெரிய வரிசை வேடிக்கை பார்க்க, பாப்பாகிட்ட ஸாரி கேளும்மா என்றான். கேட்டேன். கேட்டதைத்தான் இன்றுவரைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை பாவம், கூச்சப்பட்டுத் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றது. ஸாரி கேட்டேனே தவிர வாசல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை, அதனால் மறுநாள் எனக்கு வேலை இல்லை.

விட்டுடும்மா, ஒரு வருஷம் ஆச்சு என்று நீ போனில் சொன்னாய். உன் அப்பாவும் அதையேதான் பாடுகிறார். நான் விடுவதாக இல்லை. போன மாதம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், மேலே போட்ட ஸ்வெட்டருக்குள்ளே என் பழைய சீருடைச் சட்டை. அதைத் திருப்பிக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். பத்தொன்பது வருஷமும் அந்தச் சிவப்புக் கோடு என் இரண்டாவது பட்டனுக்கு நேராக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பலகையில் முதுகை ஒட்டி நின்று பார்த்தால், கோடு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிறது! இரண்டு விரல் இறக்கிவிட்டான், பாவி, பெயின்ட் கூடப் புதுசு. அந்த இரண்டு விரலில்தான் பாதுகாப்புக் கம்பி மடியைப் பிடிக்குமா, பிள்ளை அதற்கடியில் நழுவுமா என்பது இருக்கிறது. ராட்டினங்களைச் சோதிக்கிற அதிகாரிக்கு மூன்று மனு போட்டேன். கோட்டை மாத்திட்டீங்கன்னு போய்க் கேட்டா, தப்பா வரைஞ்சிட்டோம்னு சொல்லி அழிச்சிடுவாங்கம்மா, உயரம் பத்தாத பிள்ளையை உள்ளே விடுறதை நான் கண்ணால பார்க்கணும் என்றார். விடுமுறையின் முதல் சனிக்கிழமை சாதாரண உடையில் வந்து வரிசையில் நிற்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் அளந்து பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் நெட்டை, மாடி வீட்டுக்காரி மகன் இன்னும் இடுப்பளவு. உன் மகள் நூற்றுப் பதினெட்டு என்று நீ எழுதியிருந்தாய். பழைய கோட்டுக்குக் கீழே, புதுக் கோட்டுக்கு மேலே!

கோபப்படாதே, முழுக்கக் கேள். அவள் அந்த வண்டியில் உட்காரப் போவதில்லை. பலகையில் நிற்பாள், அவர்கள் உள்ளே போ என்பார்கள், அதிகாரி முன்னால் வருவார், அவள் கை அந்த நேரமெல்லாம் என் கையில் இருக்கும். பிறகு சீப்பு வந்து, எந்த இடத்தில் என்னை ஸாரி கேட்க வைத்தானோ அதே இடத்தில், அதே மாதிரி வரிசைக்கு முன்னால், பல்லைக் காட்டிக் கெஞ்சுவான். நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன், உன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். வண்டியில் ஏற்றவில்லை என்று உன் மகள் அழுவாள். அழட்டும். பத்தொன்பது வருஷத்தில் என் முன்னால் எத்தனையோ பிள்ளைகள் அழுதார்கள், அழுதுகொண்டே எல்லாரும் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பேத்தி நெடுநெடுவென்று வளர வேண்டும், அந்தச் சனிக்கிழமை கழிந்த பிறகு. மறக்காமல் ஒன்று செய். அவளை வெறுங்காலோடு, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, மறுபடி அளந்து எழுது. நூற்றிருபதைத் தொட்டிருந்தால் தொட்டிருக்கிறது என்றே எழுது, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். எனக்காக ஒரு விரல் கூடக் குறைத்துச் சொல்லாதே, அளவில் கைவைத்தவனோடுதான் எனக்குச் சண்டை.

இப்படிக்கு,
சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா