கிட்டார் வாயில் ஊட்டிய கேசரி

மச்சான்,

இன்று காலை உன் கிட்டார் பெட்டியைத் திறந்தேன். காறிப்போன நெய்யின் வாடை முகத்தில் அடித்தது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கடலூரில் துணி காயவில்லை. ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கிறது, மரம் மட்டும் எப்படிக் காயும்? ஈரம் ஏறினால் போதும், கிட்டாருக்குள் ஊறிய பழைய கேசரி உயிர்த்தெழுந்துவிடுகிறது. குமட்டிக்கொண்டு வந்தது. கேசரியை விட உன் அண்ணனை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது.

நீ இருந்தவரை அந்தப் பெட்டிக்குள் ஒரு பருக்கை நுழைந்ததில்லை. நம் மெல்லிசைக் குழுவில் கச்சேரி முடிந்ததும் கீபோர்டை மூடிவிட்டு நான் பந்திக்கு ஓடுவேன். நீ உட்கார்ந்து கம்பி கம்பியாகத் துடைப்பாய். "வேர்வ உப்பு மச்சான், அரிச்சிடும்" என்பாய். பிறகு கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் இலைக்கு வருவாய். அதற்குள் வடை தீர்ந்திருக்கும்.

புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடக்குமே, அதைக் கேட்டுச் சிதம்பரத்துச் செருப்புக் கடைகளில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாய். கிட்டார் பெட்டியில் வைத்த பொட்டலங்கள் ஈரம் குடித்துவிட்டால், பிரித்து உள்ளே இருக்கும் மணிகளை வாணலியில் கொட்டி வறுப்பாய். "கடுகு தாளிச்சிக் குடுக்கட்டுங்களா?" என்று உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண், கேட்கும். நீ அதைக் காதில் வாங்கமாட்டாய். அந்த வாணலியில் அவள் அப்புறம் சமைக்கவே இல்லை.

2008 கோடையில் சிதம்பரத்தில் ஒரு பகல் கல்யாணம். மண்டபத்துக்குள் ஏசி, எல்லோரும் சால்வையைத் தேடினோம். வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளந்தது. வீடியோவுக்காக வாசலில் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார் பெண்ணின் தாய்மாமன். நீ பெட்டியைத் திறக்க மறுத்தாய்.

"அர மணி போவட்டும் மாமா. குளுர்ல இருந்துச்சி, இப்பத் தொறந்தா மரம் வேர்த்துடும். மூடுன பெட்டியிலயே வெயிலுக்குப் பழகட்டும்."

"இன்னாப்பா, அது பச்சப்புள்ளயா?"

"அத விட ஜாஸ்தி மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நாம் நிழலில் காத்திருந்தோம்.

அந்தப் பச்சைப்பிள்ளையைத்தான் செம்மண்டலத்தில் உங்கள் வீட்டில் உன் அண்ணன் 'கட்டை' என்பார். 'கூத்தாடிப் பொழப்பு' என்பார். 2006 கத்திரி வெயிலில், கூடத்துக்கு வெள்ளையடிக்க இடைஞ்சல் என்று மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் அதைக் கொண்டுபோய்ப் போட்டார். நீ தேடி எடுத்தபோது பசை இளகி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பாதி பிளந்து நின்றது. நீ சண்டை போடவில்லை. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஒட்டி வாங்கினாய். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு ஒண்ணுன்னா இத எங்க வூட்ல வுட்றாத மச்சான். செவுத்துல மாட்டியே சாவடிச்சிடுவானுங்க."

நான் சிரித்தேன். 2010இல் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிட்டாரைக் கேட்டபோது உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந் தம்பி ஞாபகம்யா அது, குடுப்பனா?" என்றார். சாயங்கால வெயிலில் வெந்து, மழைக்கு ஓதம் இறங்கும் மேற்குச் சுவரில் ஆணி அடித்து, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கம்பிகளைத் தளர்த்தக்கூட இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் சொட்டும் பூச்சரம். உயிரோடு இருந்தபோது கஞ்சி ஊற்றாதவன் செத்தபின் பால் ஊற்ற வந்த கதைதான். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பூவைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

வருஷப் படையலுக்குப் போனேன். கிட்டாரை இறக்கி, தலைவாழை இலைக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம். பிரிட்ஜ் மறுபடி தூக்கிக்கொண்டு நின்றது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சாம்பாரின் ஆவி நேராக அதன் மேல் அடித்தது. உன் அண்ணன் கற்பூரம் காட்டினார். பிறகு, என்ன தோன்றியதோ, கை நிறையக் கேசரி அள்ளினார்.

"இதான அவன் வாயி! இதுலதான பாடனான்! சாப்புட்றா தம்பி!"

கம்பிகளை விலக்கி, நடுவிலிருக்கும் வட்டத் துளைக்குள் அந்தக் கேசரியைத் திணித்தார். உறவுக்காரர்கள் விசும்பினார்கள். அடுத்து ஒரு சித்தப்பா வடையோடு எழுந்தார். நான் எழுந்துபோய்க் கிட்டாரைத் தூக்கிக்கொண்டேன்.

"படையல்ல வெச்சத எடுக்கக் கூடாதுய்யா!"

"வெச்சது போதும்ண்ணே" என்றேன். அதற்கு மேல் பேசினால் வாந்தி வந்திருக்கும்.

மூலையில் இருந்த தங்கச்சி எழுந்து வந்தாள். "எடுத்துகினு போங்கண்ணா. அவுரு இருந்தா எலையயே எத்தி வுட்ருப்பாரு" என்றாள். அதன்பின் யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் எறும்பு ஏறிவிட்டது. துளைக்குள் கை நுழையவில்லை. வளைத்த கம்பியில் துணி சுற்றிச் சுரண்டினேன். நெய், முந்திரி, சந்தனச் சேறு, பூஞ்சணம். மூக்கைப் பொத்திக்கொண்டு உன் அண்ணனைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன். புதுச்சேரியில் மறுபடி பிரிட்ஜை ஒட்டி வாங்கினேன்.

இப்போது நானும் செருப்புக் கடையில் பொட்டலம் கேட்டு நிற்கிறேன். வறுக்கிறேன். என் மனைவியும் வாணலியைத் தலைமுழுகிவிட்டாள். இன்றும் பெட்டியைத் துடைத்து, கம்பியைத் தளர்த்தி, கிட்டாரின் உடம்பைத் துடைத்துக்கொண்டே வந்தேன். உன் வலது முழங்கை சாய்ந்து சாய்ந்து பாலிஷ் போன இடத்தில், கருத்த வேர்வைக் கறை ஒன்று இருக்கிறது. எத்தனை தடவை துடைத்திருக்கிறாய், உன் கறையே உன் கண்ணுக்குப் படவில்லை பார்.

துணி அதுவரை போய்த் திரும்பிவிடுகிறது. உப்பு அரிக்கும்தான், மச்சான். அரிக்கட்டும். இந்த ஒரு அழுக்கு மட்டும் எனக்கு அருவருக்கவில்லை.